சிறகுவலையும் வீங்கிய கன்னமும்

பொய்ச்சத்தியம் செய்தவரின் கன்னம் வீங்கும் என்பதைப் பதினொரு வயதில் நான் என் கண்களாலேயே கண்டேன். அன்று கொண்ட திகைப்பை இந்த முதுமையிலும் முழுமையாக எழுத இயலாதவளாக இருக்கிறேன்.

யாழ்ப்பாணத்துக் குருநகரில் எங்கள் தகப்பனார் சிறகுவலைத் தொழில் செய்தவர். ஆழமில்லாத கடற்களப்பில் தடிகளை நட்டு, இருபுறமும் சிறகுபோல வலை விரித்து, மீனைத் துரத்தாமல் அதுவாகவே உள்ளே வரச் செய்வது அத்தொழில். என் அண்ணை சதுரங்கத்தையும் அவ்வாறே ஆடினார். பலகையின் நடுவே சிப்பாயை நிறுத்திச் சண்டைக்குப் போவதுதான் எங்கள் ஊர் வழக்கம். அவரோ ஓரத்திலிருந்து தொடங்குவார். பிறர் மந்திரி என்னும் காயைக் கத்தோலிக்கராகிய நாங்கள் ஆயர் என்போம். இராணிப் பக்கத்து ஆயரின் முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம். மறுபுறத்துக் குதிரையின் சிப்பாய் ஒரு கட்டம். அது விட்ட இடத்தில் அப்பக்கத்து ஆயர். பின்னர் இராணிப் பக்கத்துக் குதிரை. இவ்வளவுதான் அவருடைய சிறகு.

பாடசாலையில் இறுதி ஆட்டம் எனக்கும் மாமாவின் மகளாகிய மச்சாளுக்கும் அமைந்தது. வென்றவள் கொழும்புப் போட்டிக்குப் போவாள். நான் அதுவரை அருகிலுள்ள சாவகச்சேரியைக்கூடத் தாண்டியதில்லை. ஆகவே அண்ணையிடம் அந்த நான்கு நகர்வுகளையும் இரகசியமாகக் கற்று, செபமாலைபோல ஓதிக்கொண்டு திரிந்தேன்.

"இதைச் செபம் மாதிரிப் பாடமாக்காதை. மீன் எந்தப் பக்கத்தாலை வருதெண்டு பாத்துத்தான் சிறகைத் திருப்பிறது" என்றார் அண்ணை.

சதுரங்கத்தில் மீனுக்கு என்ன வேலை என்று நான் அதைப் பொருட்படுத்தவில்லை. ஐந்தாவது நகர்வு எது என்று கேட்கவும் இல்லை.

ஆட்டம் தொடங்கியது. என் சிப்பாய் இரண்டு கட்டம் போனது. எதிரே மச்சாளின் சிப்பாயும் இரண்டு கட்டம் வந்தது. நான் ஒரு கட்டம் வைத்தேன், அவளும் வைத்தாள். என் ஆயர் ஏறினார்; அவளுடைய ஆயரும் ஏறினார். குதிரைக்குக் குதிரை.

"என்னடி, கண்ணாடி பாக்கிறியோ?" என்றாள் மச்சாள்.

அந்த நான்கு நகர்வுகளை அறிந்தவர்கள் உலகில் மூவரே: நான், அண்ணை, வீட்டுச் சுவர்மாடத்தில் சிலையாக நின்ற புனித அந்தோனியார். அந்தோனியார் சொல்லியிருக்க மாட்டார். அண்ணையோ சைக்கிளுக்குக் காற்றடிக்க என்று மாலைதோறும் மாமா வீட்டுக்குப் போய்வருபவர். அந்தச் சைக்கிளுக்கு அவ்வளவு காற்று ஏன் தேவைப்பட்டது என்பது அக்கணமே எனக்கு விளங்கிவிட்டது. ஐந்தாவதாக எதை நகர்த்துவது என்று தெரியாமல் இராணியை வெளியே எடுத்தேன். சற்று நேரத்தில் அவளை இழந்தேன். பிறகு அரசனையும் இழந்தேன். கொழும்பும் போயிற்று.

வீட்டுக்கு ஓடினேன். "அண்ணை, நாலையும் மச்சாள் அப்பிடியே எதிரை வைச்சவள்! நீங்கள்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தனீங்கள்!"

"விசரி! அந்தோனியார் மேலை சத்தியமா நான் வாய் திறக்கேல்லை."

மாடத்திலிருந்த அந்தச் சுருவத்தில் கை வைத்தே அவர் சத்தியம் செய்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தோனியார் பேசாமல் விடுவாரா?

விடவில்லை. மூன்றாம் நாட்காலை அண்ணையின் இரு கன்னங்களும் பூசணிக்காயாக உப்பியிருந்தன. வாயே திறக்க முடியவில்லை.

"கூகைக்கட்டு. ஒருத்தரும் கிட்டப் போகாதேயுங்கோ" என்றார் அம்மா.

பிறர் பொன்னுக்குவீங்கி என்னும் நோயின் பெயரை அம்மா சொன்னார். அதன் காரணத்தை அறிந்தவள் நான் ஒருத்தியே.

வாசற்படியில் நின்று பயத்துடன் எட்டிப்பார்த்தேன். என்னைக் கண்ட அண்ணை பலகையை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். வெள்ளைக்கு நான்கு, கறுப்புக்கு நான்கு என்று அதே நகர்வுகளை ஒன்றும் பிசகாமல் அடுக்கினார். பின்னர் வெள்ளைக் காய்கள் என் பக்கம் வரும்படி பலகையைத் திருப்பினார். இராணிப் பக்கத்து மூலைச் சிப்பாயை ஒரு கட்டம் முன்னே தள்ளிக் காட்டி, மீண்டும் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, என்னைப் பார்த்தார்.

"அம்மா! அண்ணை ஒத்துக்கொண்டிட்டார்! எல்லாத்தையும் வைச்சுக் காட்டுறார்!" என்று கூவிக்கொண்டு, அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு ஓடினேன்.

அத்தொடக்கத்துக்கு அப்படியே எதிரே வைப்பது எவருக்கும் தோன்றக்கூடிய மிகச் சாதாரணமான மறுமொழி என்பதைப் பல ஆண்டுகளின் பின் ஒரு பழைய சஞ்சிகையில் படித்து, இரண்டாவது முறை திகைத்துப்போனேன். வீங்கிய கன்னத்தோடு அண்ணை அன்று காத்திருந்தது என் மன்னிப்புக்காக அல்ல, என் ஐந்தாவது நகர்வுக்காக என்பதை, குசினியை நோக்கி ஓடிய அந்தச் சிறுமி அறியவில்லை.