காயலான் கடைக்குப் போன பெட்டி

வெள்ளிக்கிழமை மகள் கல்யாணம். மண்டபத்துக்கு எங்கள் பழைய அம்பாசிடரில்தான் அழைத்துப்போவேன் என்று சொல்லி, அதற்குப் புதுக் காலத்து இன்ஜின் ஒன்றை வாங்கியிருந்தேன்.

இன்ஜினோடு வந்த கம்ப்யூட்டர் பெட்டி எங்கள் ஊர் உப்பளக் காற்றில் ஒரு வருஷம்கூடத் தாங்காது என்று நானே முடிவுகட்டி, ஒயரோடு அறுத்து வானூர் காயலான் கடையில் போட்டேன். பதிலுக்கு, ப்ளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பழைய மாடல் டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கினேன்.

இன்று மெக்கானிக் பார்த்துவிட்டு, "என்னாண்ணா இது? இந்த இன்ஜின்ல டிஸ்ட்ரிபியூட்டர் மாட்ட எடமே கெடையாது. ப்ளக்ல எப்ப தீப்பொறி வரணும்னு சொல்றதே அந்தப் பெட்டிதான்" என்றார்.

காயலான் கடைக்கு ஓடினேன்.

"காலைலயே லோடு போயிடுச்சுங்க."

கோபமோ அழுகையோ எதுவும் வரவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"வுடுப்பா, ஆட்டோல போலாம்" என்றாள் மகள்.



கல்யாணத்துக்கு வருகிறவர்கள் மொய் எழுத வேண்டாம். அந்தப் பெட்டி எங்காவது கிடைத்தால் எடுத்து வாருங்கள்.