பெட்ஷீட்டுக்காகக் கடலில் குதித்த என் அத்தான்

என் அக்காவின் கணவரைப் பற்றி எங்கள் தெருவில் இரண்டு பேச்சு உண்டு. ஒரு பெண்ணின் உயிரைக் காப்பாற்றியவர் என்பார்கள் சிலர். நகைத் திருட்டில் மாட்டி எப்படியோ தப்பி வந்தவர் என்பார்கள் சிலர். இரண்டாவது பேச்சைக் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள், அதனால் அதுதான் அதிகம் பரவியிருக்கிறது. நான் அவரோடு ஒரே கப்பலில், ஒரே சலவை அறையில் வேலை பார்த்தவன். என் கண் கண்டதை ஆண்டவன் அறிய எழுதுகிறேன்.

கப்பலில் அவருக்கு மடிப்பு என்று பெயர். விரிப்பை ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து அவர் அடுக்கினால் செங்கல் அடுக்கியது போல நிற்கும். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. கைக்குட்டை, செய்தித்தாள், கடையில் தந்த காகிதப் பை எல்லாவற்றையும் மடித்து வைப்பார். "கொஞ்சம் அசந்தா என்னையும் மடிச்சு அலமாரியில வச்சிருவாருடா" என்பாள் அக்கா.

பேச்சு குறைவு. பேசினால் உள்ளதைப் பேசுவார், அதுதான் தொல்லை. பெண் கேட்டு வந்தபோது எங்கள் அப்பா, "தம்பி, பீடி சிகரெட் உண்டா?" என்று கேட்டார். "இன்னைக்கு இன்னும் பிடிக்கலைங்க" என்றார். அப்பாவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போய் அக்காவைக் கொடுத்தார். எனக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிப்பு ஏறவில்லை. என்னையும் கப்பலுக்கு அழைத்துப் போய்ச் சேர்த்துவிட்டது அத்தான்தான்.

அது உலகத்தைச் சுற்றி வரும் பயணிகள் கப்பல். ஊர் ஊராக நங்கூரம் போடும். பயணிகள் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறிக்கொள்வார்கள். நாங்கள் உலகத்தைச் சுற்றினோம் என்றுதான் பெயர், பார்த்ததெல்லாம் அழுக்குத் துணி. சலவை அறை கப்பலின் அடிவயிற்றில் இருந்தது. ஜன்னல் கிடையாது. ஆவியும் சோப்பு வாடையும் தொண்டையில் நிற்கும். நங்கூரம் போட்டிருக்கும்போது மட்டும் சாமான் ஏற்றுவதற்காக எங்கள் நடையின் கோடியில் உள்ள பக்கக் கதவைத் திறப்பார்கள். அங்கே போய் நின்றால் காற்று வரும், காலுக்குக் கீழே கடல் தெரியும்.

எங்கள் மேஸ்திரி ஒரு சட்டம் வைத்திருந்தார். விரிப்பு ஒன்று குறைந்தாலும் சலவை ஆட்கள் யாரும் அந்தத் துறைமுகத்தில் கரை இறங்கக் கூடாது. கரைக்குப் போனால்தான் வீட்டுக்குப் போன் பேச முடியும். அந்தச் சமயம் அக்கா நிறைமாதமாக இருந்தாள். தலைப்பிள்ளை. அத்தான் துறைமுகத்துக்குத் துறைமுகம் அந்தப் போனுக்காகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

மேல்தளத்தில் ஒரு பணக்கார அம்மாள் இருந்தார். அவருக்குத் துணையாக, சம்பளத்துக்கு ஒரு இளம்பெண் வந்திருந்தாள். அந்த அம்மாளின் முத்துமாலை காணாமல் போனது. அறைகளில் தேடினார்கள், எங்கள் பெட்டிகளில் தேடினார்கள், கிடைக்கவில்லை. அன்றிலிருந்து கப்பலில் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்ப்பது நின்றுபோனது.

அப்போதுதான் ஒரு பயணியின் சட்டைகள் எங்கள் மேஜைக்கு வர ஆரம்பித்தன. அத்தான் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாப்ள, இது நேத்து நான் மடிச்ச மடிப்பு. பிரிக்கவே இல்ல."

"பணக்காரங்களுக்கு என்ன அத்தான், பொழுது போகலன்னா துவைக்கப் போடுவாங்க."

"போடட்டும். வாங்கிட்டுப் போக அவரே எதுக்கு இவ்வளவு படி இறங்கி வர்றாரு?"

உண்மைதான். அவர் தானே வருவார். மேஜையில் சாய்ந்து நின்று, சட்டைப் பைகளில் கிடைத்ததைப் போட்டு வைக்கும் தகர டப்பாவை ஓரக்கண்ணால் பார்ப்பார். எங்களோடு துவைக்கும் இயந்திரத்தில் ஒருவன் இருந்தான், நுரை என்று கூப்பிடுவோம். "இவன்தான்டா திருடன். மாலையை நம்ம அழுக்கு மூட்டையில ஒளிச்சிட்டு எந்த மூட்டைன்னு தெரியாம அலையறான்" என்றான் நுரை. நாங்கள் அவரை வேவு பார்க்க ஆரம்பித்தோம். அவர் எங்களை வேவு பார்க்கத்தான் வருகிறார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு நாள் மத்தியானம் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. கதவு திறந்திருந்தது. நானும் அத்தானும் காற்றுக்காக நின்றோம். மேலிருந்து வெள்ளையாக ஒன்று படபடவென்று விழுந்து தண்ணீரில் விரிந்தது.

"பெட்ஷீட் போகுது மாப்ள" என்றார். செருப்பைக் கூடக் கழற்றவில்லை. குதித்துவிட்டார்.

அவர் ஒன்றும் பெரிய நீச்சல்காரர் அல்ல. நீரோட்டம் அவரைக் கப்பலின் பின்பக்கமாக இழுத்தது. அந்தப் பக்கம் ஒரு மோட்டார் படகு திரும்பிக்கொண்டிருந்தது. அதன் அடியில் சுழலும் விசிறி ஆளை அரைத்துவிடும். அவர் அந்த வெள்ளையை எட்டிப் பிடித்ததைப் பார்த்தேன். பிறகு அந்த வெள்ளையிலிருந்து ஒரு கை நீண்டு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டதையும் பார்த்தேன். இருவரும் முழுகினார்கள்.

"கனமா இருந்துச்சு. நனைஞ்ச துணி கனமாத்தானே இருக்கும்னு இழுத்தேன். அது என் கையைக் கடிச்சுது. அப்பத்தான் மனுஷின்னு தெரிஞ்சுது" என்று பிறகு சொன்னார்.

நான் போட்ட கூச்சலில் படகுக்காரன் மோட்டாரை நிறுத்தினான். மேஸ்திரி ஓடி வந்தார். விரிப்புகளை நுனியோடு நுனி முடிந்து கயிறாக்கி வீசினோம். அத்தான் ஒரு கையால் அந்தப் பெண்ணின் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முடிச்சைப் பிடித்தார். நாங்கள் இழுத்துப் போட்டோம். அவள் வெள்ளை உடுப்பு உடுத்தியிருந்தாள். பணக்கார அம்மாளுக்குத் துணையாக வந்த பெண் அவள்தான். கண் விழித்ததும், "கால் வழுக்கிருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் கேப்டன் அத்தானைக் கூப்பிட்டுப் பயணிகள் முன்னால் நிறுத்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். சட்டைக்காரர் மட்டும் தட்டவில்லை. முன்னால் வந்து, தான் ஒரு துப்பறிகிறவர் என்றும், அந்த முத்துமாலைக்காகவே அனுப்பப்பட்டவர் என்றும் சொன்னார்.

"அவ விழறதுக்கு முன்னாலயே கதவுகிட்ட ஏன் நின்னே?"

"காத்து வாங்க சார்."

"எதுக்குக் குதிச்சே?"

"பெட்ஷீட்னு நெனச்சு சார்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பெட்ஷீட்டுக்கு உசிரை விடற ஆளை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல" என்றார்.

"நான்தான் உசிரை விடலையே சார்" என்றார் அத்தான்.

இந்தப் பதிலைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

துப்பறிகிறவரின் கணக்கு இப்படி: பெண் மாலையை எடுத்துக்கொண்டு மேலிருந்து குதித்தாள், கூட்டாளி கீழே காத்திருந்தான், தண்ணீருக்குள் மாலை கை மாறியது. அத்தான் கையில் இருந்த பல் தடம் பங்குச் சண்டை. கப்பல் கம்பெனியின் சொந்தத் துறைமுகம் போய்ச் சேர்ந்ததும் இரண்டு பேரையும் போலீசில் ஒப்படைக்கப்போவதாகச் சொன்னார். அதுவரை அந்தப் பெண்ணுக்கு அறைக்காவல், அத்தானுக்குக் கரையிறக்கம் இல்லை. எங்கள் யார் மூலமாவது மாலை வெளியே போய்விடும் என்று சலவை ஆட்கள் யாரையும் இறங்க விடவில்லை. நடுவில் இரண்டு துறைமுகங்கள் வந்து போயின. அக்காவுக்கு என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியாது.

துப்பறிகிறவர் தினமும் வந்தார். அடுக்கி வைத்த விரிப்புகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்ப்பார். அத்தான் பின்னாலேயே நின்று மறுபடி மடிப்பார். தலையணைத் தையல்களைப் பிரித்தார், நூல்தூசி சேரும் பெட்டிகளைக் கவிழ்த்தார். போதாததற்கு எங்கள் ஆட்களும் மாறிப்போனார்கள். ஒரு நாள் அத்தானின் செருப்பை நுரை குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா தேடற?" என்றேன்.

"மடிப்பு அண்ணன் ஒரு முத்து குடுத்தா குறைஞ்சா போயிருவாரு? நாங்களும்தானே துணி முடிஞ்சு இழுத்தோம்."

அத்தான் செருப்பை வாங்கிக் காலில் மாட்டிக்கொண்டார். வேறொன்று அவரை அரித்துக்கொண்டிருந்தது. "துணின்னு நெனச்சு மெதுவாத்தான் நீந்தினேன் மாப்ள. அதுக்குள்ள அந்தப் பொண்ணு எத்தனை மடக்கு தண்ணி குடிச்சுதோ" என்பார். சாப்பாட்டுத் தட்டு முன்னால் இருக்கும், கை அசையாது.

நான் தினமும் ஜெபித்தேன். ஆனாலும் மனசு கேட்காமல் ஒரு நாள் சொன்னேன். "அத்தான், ஆளைக் காப்பாத்தத்தான் குதிச்சேன்னு சொல்லிருங்களேன். அதை யாரா இருந்தாலும் நம்புவாங்க. அக்காவை நெனச்சுப் பாருங்க."

"நான் பாத்தது துணிதானே மாப்ள."

"அதைச் சொன்னா நம்ப மாட்டேங்கறாரே."

"நம்பறது அவர் வேலை. சொல்றது என் வேலை."

கம்பெனித் துறைமுகத்துக்கு முந்திய ஊரில் மறுபடி நங்கூரம் போட்டார்கள். மேஸ்திரி வந்து, கதவடியில் இருக்கும் மூட்டைகளை உள்ளே கொண்டுவரச் சொன்னார். நாங்கள் போனோம். அத்தான் ஒரு மூட்டையைக் குனிந்து தூக்கும்போது மேலிருந்து வெள்ளையாக ஒன்று விழுந்தது.

மூட்டை கீழே விழுந்த சத்தம்தான் கேட்டது. அத்தான் தண்ணீரில் இருந்தார். இந்தத் தடவை வெறி பிடித்தவர் போல நீந்தினார். வெள்ளையைப் பிடித்தார், உதறினார், தூக்கி அப்பால் எறிந்தார், மூச்சை இழுத்துக்கொண்டு முழுகினார். மேலே வந்தார், மறுபடி முழுகினார்.

துப்பறிகிறவர் மூச்சிரைக்கக் கீழே ஓடி வந்தார். அத்தான் சொன்னது உண்மையா என்று பார்க்கத் தன் கட்டில் விரிப்பைத் தானே எறிந்தாராம். ஆபத்துக்கு என்று ஒரு படகையும் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தார்.

"போதும்ப்பா, ஏறி வா" என்றார்.

"ஆள் எங்க சார்?"

"ஆள் இல்ல. வெறும் பெட்ஷீட்தான்."

"போன தடவை நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு முழுகினார்.

மேலே வந்தபோது மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது. படகுக்காரர்கள் நீட்டிய கையைத் தட்டிவிட்டார்.

"நான்தான்ப்பா போட்டேன். என் பிள்ளைங்க மேல சத்தியம்."

"உங்க பேச்சை எப்படி சார் நம்பறது? சட்டையே போடாம சட்டை துவைக்கக் குடுத்த ஆளு நீங்க." பிறகு என்னைப் பார்த்தார். "மாப்ள, இவரை நம்பலாமா?"

அந்த மனிதர் எறிந்ததை நான் பார்க்கவில்லை. "எனக்கும் தெரியல அத்தான்" என்றேன். அவர் மறுபடி முழுகினார். இந்த முறை மேலே வர வெகுநேரம் ஆனது.

மேஸ்திரிக்குத்தான் விஷயம் புரிந்தது. "அந்தப் பொண்ணு மறுபடி விழுந்துட்டான்னு தேடறான் சார். அவளைக் கண்ணால பாக்காம வரமாட்டான்" என்றார். துப்பறிகிறவர் படிகளில் ஓடினார். எத்தனை பேரைத் துரத்தி ஓடியிருப்பாரோ, அன்று ஓடியது போல ஓடியிருக்க மாட்டார். அறைக்காவலில் இருந்த பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்து வந்து கதவில் நிறுத்தினார்.

அவள் தண்ணீரைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "அண்ணே, நான் விழல. இங்கதான் இருக்கேன். ஏறி வாங்க" என்றாள்.

அத்தான் அவளைப் பார்த்தார். கை கால் ஓய்ந்துபோய் மல்லாந்தார். படகுக்காரர்கள் அள்ளிப் போட்டார்கள்.

தரையில் கிடந்தவரின் பக்கத்தில் துப்பறிகிறவர் உட்கார்ந்தார். அவருடைய கசங்காத காற்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. "இப்ப நம்பறேன்ப்பா. நீ பெட்ஷீட்டுக்குக் குதிக்கிற ஆள்தான்" என்றார்.

"இல்ல சார். இப்ப நான் ஆளுன்னு நெனச்சுத்தான் குதிச்சேன். கரைக்குத்தான் என்னை விடறதில்லையே, பெட்ஷீட் போனா எனக்கென்ன?"

தன்னைக் காப்பாற்ற வந்த சாட்சியைத் தானே கலைத்துவிட்டார். துப்பறிகிறவர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் பல்லை அன்றுதான் பார்த்தோம். "கூட்டுத் திருடன் இப்படியா பேசுவான்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு எழுந்தார். போலீசுக்குச் சொல்லி அனுப்பியிருந்ததை அன்றே ரத்து செய்தார். கூட்டாளி என்று ஒருவன் இல்லை என்றானதும் அந்தப் பெண்ணின் காவலும் நீங்கியது. அந்தத் துறைமுகத்திலேயே அவள் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டாள். மாலை கிடைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

அத்தானுக்கு உடம்பு துவட்டக் கூட நேரமில்லை. "கரைக்குப் போலாமா மேஸ்திரி?" என்றார்.

"ஒரு பெட்ஷீட் குறையுதேப்பா" என்றார் மேஸ்திரி.

"அதைப் போட்டது நானுங்க" என்றார் துப்பறிகிறவர்.

"யார் போட்டா என்ன சார். குறைஞ்சது குறைஞ்சதுதான்."

கடைசியில் துப்பறிகிறவர் பொறுப்பேற்று, தானே கூட வருவதாகச் சொன்ன பிறகு மேஸ்திரி விட்டார். அத்தானை நம்பித்தான் வந்தாரா, கடைசியாக ஒரு தடவை பின்தொடர்ந்து பார்க்கலாம் என்று வந்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

போன் பேசும் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. அக்காவே எடுத்தாள். பெண் குழந்தை பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது, இருவரும் சுகம். ஆண்டவனுக்கு அங்கேயே நின்று நன்றி சொன்னேன். அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அக்கா ஆரம்பித்தாள். அவள் குரல் எனக்கே கேட்டது.

"ரெண்டு ஊர் தாண்டியும் ஏன் பேசல?"

அத்தான் நடந்ததையெல்லாம் சொன்னார். நகை, பெட்ஷீட், பொண்ணு, கடி எல்லாம்.

"யாரு கடிச்சா?"

"அந்தப் பொண்ணுதான். தண்ணிக்குள்ள."

"தண்ணிக்குள்ளயா?" என்றாள் அக்கா. அத்தானுக்கு வியர்த்துவிட்டது. துப்பறிகிறவர் இரக்கப்பட்டுப் போனை வாங்கினார். "அம்மா, நான் துப்பறியிற அதிகாரி. உங்க வீட்டுக்காரர் சொல்றதெல்லாம் நெசம். நான் நல்லா விசாரிச்சுட்டேன்."

"நீங்க இருங்க" என்றாள் அக்கா. "பக்கத்துல என் தம்பி நிப்பான். அவன்கிட்ட குடுங்க, நான் விசாரிச்சுக்கறேன்."