குண்டத்தில் சுடாத கால்

என் பாதங்கள் இரண்டும் மரத்துக் கிடந்தன. அம்மனை நம்பிக் காப்புக் கட்டும் பெண்களிடம் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். படிப்பு ஏழாவதோடு நின்றது. எந்த ஊரிலும் நிலையாக இருந்ததில்லை. சூலூரில் தறி, கோபியில் வாழைத்தோப்பு, பிறகு மேட்டுப்பாளையத்தில் பாக்கு உரிக்கும் வேலை. அங்கேதான் கால்விரல்களில் ஊசி குத்துவது போல ஆரம்பித்தது. படுத்தால் பாதம் எரியும். சில மாதங்களில் எரிச்சலும் நின்றுபோனது.

கூட வேலை செய்யும் ரங்கம்மா அக்கா ஒருநாள் பின்னாலிருந்து கூப்பிட்டார். “ஏங்கண்ணு, ஒத்தச் செருப்ப ரோட்டுல உட்டுப்போட்டு எங்க போற? மாப்பிள்ள பாக்கவா?”

குனிந்து பார்த்த பிறகுதான் செருப்பு இல்லாதது தெரிந்தது. பயப்படக்கூடத் தோன்றவில்லை.

மருத்துவமனையில் சொல்லவில்லை. மாத்திரை வாங்கியதும் பஸ் பிடித்துவிடுவேன். அம்மனிடம் மட்டும் சொன்னேன். காலைத் திருப்பிக் கொடு, குண்டம் இறங்குகிறேன் என்றேன். வேண்டியது நடந்த பிறகு இறங்குவதுதான் முறை. நான் முந்திக்கொண்டேன்.

பங்குனியில் மஞ்சள் சேலையோடு தீக்குழியில் இறங்கினேன். மற்றவர்கள் நாலு எட்டில் ஓடிக் கடந்தார்கள். நான் வரப்பில் நடப்பது போல நடந்தேன். சுடவில்லை. “ஆத்தா ஏத்துக்கிட்டா!” என்று கூட்டம் கும்பிட்டது. நானும் நம்பினேன்.

என் காலைத் தொட்டுக் கும்பிட, கூட வந்திருந்த ரங்கம்மா அக்கா குனிந்தார்.

“அடி அம்மணி, கங்கு ஒட்டீட்டு இருக்குது. உனக்குத் தெரியலயா?” முந்தானையால் தட்டிவிட்டார். “வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“அடுத்த வாரம் மறுபூசை முடியட்டுங்க்கா.”

“ஆத்தா எங்கயும் போயிர மாட்டா. உன்ற கால் போயிரும்.”

கோயமுத்தூரில் சேர்த்தார்கள். கண்ணை மூடச் சொல்லி டாக்டர் பாதத்தில் பஞ்சை வைத்தார். வைத்ததே தெரியவில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இப்படி நரம்பு கெடுவதுண்டு என்றார். தீப்புண்ணில் சீழ் பிடித்தால் பாதத்தை எடுக்க வேண்டிவரும் என்றும் சொன்னார். வைட்டமினும் குறைவு என்று ஊசி போட்டார்கள்.

“இத்தன மாசமா ஏனுங்க சொல்லுல?” என்றார் நர்ஸ்.

“நீங்க கேக்கலீங்களே.”

“கேக்காட்டி காலக் குடுத்துப் போடுவீங்களா?”

அன்று ராத்திரி படுத்துக்கொண்டே வேண்டினேன். அழுகை வரவில்லை. தாயே, எனக்கு வலிக்கட்டும் என்று மட்டும் கேட்டேன்.

ஆறாவது வாரம் கட்டுப் பிரிக்கும்போது காலை வெடுக்கென்று இழுத்தேன். நர்ஸ் நிறுத்தினார்.

“வலிக்குதுங்களா?”

“வலிக்குதுங்க.”

அப்போதுதான் அழுதேன். அழுதுகொண்டே சிரித்தேன். “வலிக்குதுன்னு சிரிக்கறவள இப்பத்தான் பாக்கறேன்” என்றார் பக்கத்துக் கட்டில் அம்மா.

புண் ஆறிவிட்டது. கால் தப்பியது. இடது பாதத்தில் பாதிதான் உணர்வு வந்திருக்கிறது. அதுவும் அம்மன் கொடுத்ததுதான். அன்று அக்காவைக் குனிய வைத்தவளும் அவள்தான். இப்போது ஊர் ஊராகச் சுற்றுவதில்லை. தினமும் காலையில் இரண்டு பாதத்தையும் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் விளக்கேற்றுகிறேன்.

தாயிடம் சொல்லுங்கள். கட்டாயம் கேட்பாள். அவளிடம் சொன்னதை டாக்டரிடமும் சொல்லுங்கள்.