மேடையில் நான் சொல்லாமல் விட்ட பாதி

அறுபதுகளின் தொடக்கத்தில், கோவில்பட்டியில் பெண்கள் பள்ளியில் நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது; தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பள்ளி திறக்கும் முன்பே எனக்கு எல்லாப் புத்தகமும் புதிதாக வந்துவிடும்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மூன்று மைல் நடந்து வருவாள். மழை நாளில் முழங்கால்வரை அப்பிய கரிசல் மண்ணைப் பள்ளிக் குழாயில் கழுவிவிட்டுத்தான் வகுப்புக்குள் நுழைவாள். அவளிடம் சயின்ஸ் புத்தகம் கிடையாது. வெள்ளிக்கிழமை என்னுடையதை வாங்கிப்போய்த் திங்களன்று அட்டை கசங்காமல் கொண்டுவருவாள். எனக்குக் கணக்கு வராது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேப்பமரத்தடியில் அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். ஒவ்வொரு தேர்விலும் அவள் முதல், நான் இரண்டாவது.

அந்த வருடம் பள்ளியில் பேச்சுப் போட்டி வைத்தார்கள். படிப்பில் ஜெயிக்க வசதி வேண்டுமா, உழைப்பே போதுமா என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வசதி வந்தது, அவளுக்கு உழைப்பு.

அவள் எளிமையாகப் பேசினாள். "எங்க வீட்டுல கையெழுத்துப் போடத் தெரிஞ்சவிய யாரும் கெடையாது. மழை இல்லைன்னா எங்க காட்டுல ஒண்ணும் வெளையாது. ஆனாலும் நான் படிக்குதேன். மொத மார்க் எடுக்குதேன்" என்றாள். கைதட்டல் அடங்க நேரமானது. எனக்கு உள்ளே எரிந்தது. இங்கேயும் இரண்டாவதுதானா?

என் முறை வந்ததும் எழுதிவைத்திருந்த தாளை மடித்துவிட்டு அவளைப் பார்த்துக் கேட்டேன்.

"சயின்ஸ்ல மொத மார்க் எடுத்தியே, எந்தப் புத்தகத்தைப் படிச்சு எடுத்தே?"

நானே பதிலும் சொன்னேன்.

"எங்கப்பா வாங்கிக் குடுத்த புத்தகம் அது. அப்போ ஜெயிச்சது உழைப்பா, வசதியா?"

அரங்கமே சிரித்தது. பரிசு எனக்குத்தான். நடுவராக இருந்த டீச்சர் மட்டும் என் முகத்தைப் பார்க்காமலே பரிசுப் பேனாவை நீட்டினார்.

மேடையிலிருந்து இறங்கும்போதுதான் உறைத்தது. 'உனக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?' என்று அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், நான் அங்கேயே தோற்றிருப்பேன்.

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் புத்தகத்தை நீட்டினேன்.

"வேண்டாம்ட்டி."

"நான் புத்தகத்தைச் சொல்லிக்காட்டுனேனே, நீ ஏன் கணக்கைப் பத்திச் சொல்லல?"

அவள் என்னை வியப்பாகப் பார்த்தாள். "அதெல்லாம் மேடையில சொல்லுத விசயமாட்டி?" என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினாள்.

அதன் பிறகு அவள் என் புத்தகத்தைத் தொடவே இல்லை. எத்தனையோ முறை கெஞ்சினேன். மற்றவர்கள் விளையாடும் நேரத்தில் டீச்சரின் புத்தகத்தைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வாள். பாதிப் பாடம்கூட எழுதி முடிக்க முடியவில்லை. ஆனால் எனக்குக் கணக்குச் சொல்லித் தருவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. தலைகுனிந்தபடி கற்றுக்கொண்டேன்.

பரீட்சை முடிவு வந்தபோது நான் பள்ளியில் முதல். கணக்கில் அதுவரை வாங்காத மார்க். அவள் தேறியிருந்தாள், ஆனால் சயின்ஸ் அவளைக் கீழே இழுத்துவிட்டது. முதலாவதாக வருபவளைக் கல்லூரியில் படிக்கவைப்பதாக ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்லியிருந்தார். எனக்கு அது வேண்டாம், அவளுக்குக் கொடுங்கள் என்று தலைமையாசிரியையிடம் போய் அழுதேன். "நீ இப்படி வந்து கேப்பன்னு தெரிஞ்சு, அவளே முன்னாடியே வந்து வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிட்டா" என்றார் அவர். நான் பாளையங்கோட்டைக்குக் கல்லூரி படிக்கப் போனேன். அவள் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்து, நாகலாபுரம் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன்.

அன்று நான் பேசியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பாதி உண்மையை வைத்தே ஒருத்தியின் வாழ்க்கையை மாற்றிவிட முடியும் என்பதுதான் இத்தனை வருடங்களுக்குப் பிறகும் என்னைத் தூங்கவிடாத பாடம்.