உப்பு ஐஸில் உறைந்த கலங்கள்

என் தங்கையின் கணவருடைய குளத்தில் துள்ளிக்கொண்டிருந்த இறால்கள் அத்தனையையும் ஒரு பகல்பொழுதுக்கு நான் சாகக்கிடக்க வைத்தேன். சதி என்றாலாவது கொஞ்சம் கம்பீரமாக இருந்திருக்கும். நான் செய்தது வெறும் முட்டாள்தனம்.

முந்தல் ஊரில் பக்கத்துக் குளங்களில் நோய் விழுந்திருந்தது. மச்சானின் இறால் இன்னும் சுண்டுவிரல் அளவுதான். இப்போதே பிடித்தால் பொடிக் கூனி இறாலின் விலைதான். விட்டுவைத்து நோய் வந்தால் அதுவும் இல்லை. "அதுக்கு மிஷின் ஒண்டு வந்திரிக்கு மச்சான்" என்றேன். நான்தான் எல்லாம் வாசிப்பவனாயிற்றே, தங்கையின் ‘நானா’, மூத்த அண்ணன் வேறு. கண்ணாடிச் சில்லு ஒன்றில் தலைமுடி அளவில் வாய்க்கால்கள். ஒரு துளி இறால் இரத்தத்தை அதுவே உறிஞ்சி, அதுவே சாயம் கலந்து, இரத்தக் கலங்களை, அதாவது உயிரணுக்களை, ஒவ்வொன்றாக நடத்திச் சென்று, உயிருள்ளது எது, செத்தது எது என்று எண்ணிவிடும். மனிதக் கை படாது.

என் கை பட்டது.

ஆய்வுகூடத்துப் பிள்ளை வந்து, இரத்தம் எடுத்துக் குப்பிகளில் அடைத்துத் தந்தாள். அவள் வேறு பண்ணைகளுக்கும் போக வேண்டியிருந்தது. "சேர், குளிரா வெச்சுக் கொண்டு போய்க் குடுங்க" என்றாள். எங்கள் கரையில் குளிர் என்றால் தெர்மோகோல் போன்ற ரெஜிபோம் பெட்டி, இடித்த ஐஸ், குளிர் ஏற அதன்மேல் கைநிறையக் கல்லுப்பு. பாரை மீனுக்குச் செய்யும் மரியாதையைக் குப்பிகளுக்கும் செய்தேன்.

முடிவு வந்தது: உயிருள்ள கலம் ஒன்றுகூட இல்லை. மச்சான் குளத்தை வடித்துப் பிடிக்க வலைக்காரருக்குச் சொல்லிவிட்டு, மதகைத் திறக்க நடந்தார்.

அந்தப் பிள்ளை ஃபோனில் வந்தாள். "சேர், அப்பிடியெண்டா அந்த றால் நீந்தவே ஏலாதே. எப்பிடிக் கொண்டு போனீங்க?"

"ஐஸ்ல. நல்லா உப்பும் போட்டு."

சிரித்து முடித்தபிறகுதான் விளக்கினாள். உப்பு ஐஸின் கடுங்குளிரில் இரத்தம் கல்லாக உறைந்து, கலங்கள் வெடித்துப் போயிருந்தன. மிஷின் பொய் சொல்லவில்லை.

"மச்சான், தொறக்காதீங்க!" என்று கத்திக்கொண்டு வரம்பில் ஓடினேன். ஒரு செருப்பு குளத்துக்குப் போனது.

இம்முறை இறால்களையே வாளியில் குளத்துத் தண்ணீரோடு கொண்டுபோனோம். ஒன்று துள்ளி மச்சானின் மடியில் விழுந்தது. அவர் அதை முத்தமிடாத குறை. ஆய்வுகூடத் திரையில் உயிருள்ள கலங்கள் பச்சையாக ஒளிர்ந்து, ஜும்ஆத் தொழுகை முடிந்து வரும் கூட்டம் போல, ஆனால் தள்ளுமுள்ளு இல்லாமல், வரிசையாக வந்தன. "அல்ஹம்துலில்லாஹ்" என்று மச்சான் திரையைப் பார்த்தே சொன்னார்.

பிறகு உள்ளங்கை நிறையும் இறாலாகத்தான் பிடித்தோம். அன்றைய விருந்தில் வாய்க்கால், சாயம், சில்லு என்று வந்தவர்களுக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தேன். தங்கை என் சோற்றில் ஆணத்தை ஊற்றினாள்.

"றாலுக்கு ஒண்டுமில்லயெண்டு மிஷின் சொல்லிட்டு. இனி நானாவயும் ஒருக்கா அதுக்குள்ள உட்டுப் பாக்கணும்."