மையில் கலந்த தேங்காயெண்ணெய்

மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்த்த அச்சகத்தின் பின்கட்டில்தான் குடியிருந்தோம். நாலாம் வகுப்போடு நின்றவனுக்கு மெஷின் ஓட்டும் வேலை கிடைத்ததே பெரிது. தேயிலைப் பொட்டலங்களுக்கு லேபிள் அடிப்போம். மை கெட்டியானால் மண்ணெண்ணெய் விட்டு இளக்குவோம். வேலை முடிந்ததும் உருளைகளை மண்ணெண்ணெயில் கழுவி, அழுக்கைக் கொல்லையில் கொட்டுவோம். கொட்டும் இடத்துக்கும் நாங்கள் குடிக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு வாழைதான் நின்றது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். என் மனைவிக்கு ஏழாம் மாதம்.

"தண்ணியில மண்ணெண்ணெ மணம் வருது. வயித்துல இருக்கறதும் இதத்தானே குடிக்குது?" என்றாள்.

முதலாளி முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்று எப்படியோ கேட்டுவிட்டேன், மண்ணெண்ணெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய் போட்டுப் பார்க்கலாமா என்று.

அவர் சிரித்தார். "எடோ, மெஷினுக்கு எண்ண தேச்சுக் குளிப்பாட்டப் போறியா? சரி, ஒரு வேலைக்கு மட்டும் போட்டுப் பாரு. கெட்டுப்போனா ஒன் தலையிலதான் விடியும்."

தலைக்கும் கறிக்கும் ஆகிற எண்ணெய் மைக்கு ஆகாதா என்றுதான் நினைத்தேன். மை நன்றாக இளகியது. உருளைகளும் பளபளத்தன. அடித்த லேபிள்களை அடுக்கிவைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

காலையில் முதலாளி மேல்தாளை எடுத்தார். அதன் முதுகில் கீழ்த்தாளின் மை அப்படியே ஒட்டியிருந்தது. அடுக்கு முழுக்க அதே கதி. தேங்காயெண்ணெய் காயாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் தாளைத் தேய்த்த விரலை என் சட்டையில் துடைத்தார்.

"இதுல தேயில கட்டிக் குடுத்தா, வாங்குறவன் சாயா குடிப்பானா, மை குடிப்பானா? மதி, போதும் ஒன் வைத்தியம். மண்ணெண்ணெய எடு."

எடுத்தேன். ஆனால் உருளைகளைக் கழுவ ஊற்றவில்லை. துணியை நனைத்துத் துடைத்து, துணிகளைத் தகர டின்னில் போட்டு மூடினேன். அவர் பார்த்துவிட்டு உள்ளே போனார். மண்ணெண்ணெய் மிச்சமானால் அவருக்கு என்ன நஷ்டம்?

கொஞ்ச நாள் போனது. மனைவி ஒரு செம்புக் கிணற்றுத் தண்ணீரை என் முகத்தருகே நீட்டினாள்.

"இப்பவும் மணம் இருக்கா, பாத்துச் சொல்லுங்க. எனக்கு இப்பெல்லாம் சோறு வடிச்சாலே வேற மணம் வருது. என் மூக்க நம்ப முடியல."

முகர்ந்தேன். ஒரு வாய் குடித்தும் பார்த்தேன். வருஷக்கணக்காக மண்ணெண்ணெயில் ஊறிய மூக்கு எனக்கு. ஒன்றும் தெரியவில்லை. மணம் இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு செம்பைக் கவிழ்த்துவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்தாள். அதை வாங்கிக்கொண்டு நான் தெருக்குழாய்க்குப் போனேன். வரிசை தெருமுனைவரை நின்றது.