ஐந்தாவது ஃபவுல்

ஐரீன் ரேடியோவில் ஆட்ட வர்ணனை சொல்லப் போனது, முன்பல் இரண்டும் இல்லாத வாயோடுதான்.

ராயபுரம் மாதா கோயில் மைதானத்தில் பெண்களுக்குப் பாஸ்கெட்பால் கற்றுக்கொடுத்தவள் அவள். ஆண்கள் ஆட்டத்துக்கு மைக்கிலும் பேசுவாள்; அது மைதானத்து ஒலிபெருக்கியிலும் ரேடியோவிலும் கேட்கும். அதற்குத்தான் ஹார்பரில் கிரேன் ஓட்டும் புருஷன் இக்னேஷியஸ் அவள் முகத்தைச் சுவரில் மோதினான். "பொம்பள கொரலு ஊரெல்லாம் கேக்கணுமாடி?"

மறுநாள், எழுபத்திரண்டாம் வருஷத்து ஃபைனல். வீங்கிய உதட்டோடு மைக் முன்னால் உட்கார்ந்தாள். பாதி ஆட்டத்தில் இக்னேஷியஸ் குடித்துவிட்டு, சோடா பாட்டிலோடு வந்தான். தடுத்த நடுவரின் மண்டையில் அதை உடைத்துவிட்டு, அவள் தலைமயிரைப் பிடித்தான்.

ஐரீன் மைக்கை விடவில்லை. ஆட்டத்தைச் சொல்லும் அதே குரலில் சொன்னாள்:

"என் முடிய புட்சிகினு கீறது என் வூட்டுக்காரரு இக்னேஷியஸ். கண்ணாலத்தன்னிக்கு அறைஞ்சது மொத ஃபவுலு. வவுத்துப் புள்ளைய ஒதச்சிக் கொன்னது ரெண்டு. கைய ஒடச்சது மூணு. நேத்து பல்லு, நாலு. இப்ப ரெஃப்ரி மண்ட, அஞ்சு. அஞ்சு ஃபவுல் பண்ணவனுக்கு ஆட்டத்துல எடம் கெடையாது."

அவளிடம் ஆட்டம் கற்ற பெண்கள் எழுந்து வந்து, அவனை அடித்துக் கோட்டுக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள்.

ஐரீன் வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பிவிட்டு, ஸ்கோரைச் சொன்னாள்.